மணலில் விழுந்த முகங்கள்

1931 அக்டோபர் 18, ஞாயிறு. கட்டுகஸ்தோட்டை.

வியாழக்கிழமை எழுதிய குறிப்பில் ஒரு பிழை இருக்கிறது. நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஈர மணலில் நிற்பவருடைய முகம் மணலில் தெரியும் என்று எழுதியிருந்தேன். தெரியாது. எழுதியதோடு நின்றிருந்தால் பிழை என்னோடு போயிருக்கும். நான் அதை அடுத்த வீட்டுப் பளீல் நானாவிடம் சொன்னேன். அவர் நம்பி, தன்னுடைய திரையில் அப்படியே வரைந்தார். அதன் பிறகு அந்த வீட்டில் யாரும் வயிறாரச் சாப்பிடவில்லை. நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். இல்லாவிட்டால் கொஞ்ச நாளில் நான் சொன்னதே சரி என்று எனக்கே தோன்றினாலும் தோன்றும்.

நான் கண்டி நகரில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். நிலைக்கண்ணாடி வெட்டுவது, படங்களுக்குச் சட்டம் போடுவது. மாலையில் கடை மூடியதும் சித்திர வகுப்புக்குப் போகிறேன். அங்கே இதுவரை சாடியும் வாழைப்பழமும் மட்டுமே வரைந்திருக்கிறேன். வாழைப்பழம் இன்னும் சரியாக வரவில்லை. என் ஊர் புசல்லாவைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். இங்கே ஆற்றுக்கு இறங்கும் ஒடுங்கிய ஒழுங்கையில் ஓர் அறை வாடகைக்கு எடுத்திருக்கிறேன். அடுத்த வீடு பளீல் நானாவுடையது; நானா என்றால் அண்ணன்.

பளீல் நானா கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவர். எழுத்துக்கு அவர் கை அச்சு மாதிரி. படம் வரைவதில் அவருக்கு ஆசை அதிகம், வாய்ப்புக் குறைவு. அவருடைய மனைவி கைரியா இப்போது எட்டு மாதக் கர்ப்பிணி. போன முறை பிரசவத்துக்குத் தாய் வீடான அக்குறணைக்குப் போயிருந்தார். மழையில் பாலத்துக்கு மேலே வெள்ளம் போனது. மருத்துவிச்சி வந்து சேரும்போது பிள்ளை இல்லை. ஆகவே இந்த முறை இங்கேயே, ஆஸ்பத்திரிக்குக் கிட்டே இருப்பது என்று புருஷனும் மனைவியும் பேசி முடித்திருந்தார்கள்.

இந்த நேரத்தில்தான் திரை வந்தது. கண்டிக் கடைத்தெருவில் புடவைக்கடை வைத்திருக்கும் செல்லச்சாமி தீபாவளிக்கு ஒரு நாடகம் போடுகிறார். அதற்கு மேடையின் பின்னால் தொங்கவிட ஆற்றங்கரைக் காட்சித் திரை ஒன்று வேண்டும். பளீல் நானாவுக்குக் கிடைத்த முதல் திரை இது. இது நன்றாக வந்தால் மற்றத் திரைகளும் அவருக்கே. சீலை அவ்வளவு பெரியது. வேறு இடம் இல்லாததால் முன் விறாந்தையில் கூரை மரத்திலிருந்து தொங்கவிட்டிருக்கிறார். வீட்டுக்குள் போகிறவர்கள் அதன் ஓரத்தைத் தூக்கிக் குனிந்துதான் போக வேண்டும்.

வேலையை எடுக்கும்போது அவர் கைரியாவுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். பிள்ளை பிறக்கும்வரை வீட்டுக்குள் முகம் வரைய மாட்டேன் என்று. முகமும் கண்ணும் வைத்த உருவம் இருக்கும் வீட்டுக்குள் மலக்குகள், அதாவது வானவர்கள், வரமாட்டார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. முன்னர் ஒரு பிள்ளையை இழந்த வீட்டில் அதை யாரும் லேசாக எடுக்க முடியாது. அதனால் படகுக்காரன், மீன்காரன், குடம் சுமக்கும் பெண்கள் மூன்று பேர், எல்லோரையும் ஆற்றைப் பார்த்தபடி, நமக்கு முதுகு காட்டி நிறுத்தியிருந்தார். ஐந்து முதுகுகள். அவற்றுக்குக் கீழே வெறும் மணல்.

புதன்கிழமை செல்லச்சாமி பார்க்க வந்தார். குடையை மடக்காமலே நின்று பார்த்தார்.

"என்னா நானா இது. அஞ்சு பேரும் நம்மகூடக் கோவமா?"

"ஆத்தப் பாக்குற, முதலாளி. விடியப்புறம். படகு வருதாண்டு பாக்குற."

"படகு வரும், சரி. சனம் கொட்டாயில உக்காந்து பாக்கும்போது இவங்க அஞ்சு பேரும் வெளிய போற மாதிரி இருக்கு. நாடகம் முடிஞ்சிருச்சுன்னு நெனச்சு எந்திரிச்சுப் போயிருவாங்க."

"மொகம் வைக்க ஏலா, முதலாளி. வீட்டுல புள்ள பெற ஈக்கி."

வீட்டில் பிரசவம் இருக்கிறது என்றதும் செல்லச்சாமி குரலைத் தணித்தார். அவரும் பிள்ளைகள் பெற்றவர்.

"நான் ஒண்ணும் கட்டாயப்படுத்தல. ஆனா உசுரு வேணும் நானா. எங்கயாச்சும் ஒரு எடத்துல உசுரு வேணும். தெக்குத் தெருவுல தெர எழுதுற ஆளு ஒருத்தன் இருக்கான், நான் இன்னும் அவன்கிட்ட பேசல." திங்கட்கிழமை மாலை திரும்ப வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிரவு பளீல் நானா என்னிடம் கேட்டார். "கணபதி, மணல் ஈரமா இருந்தா ஆள் சாயல் வுழும் தானே. அத வரைஞ்சா உசிர் வருமா?"

வரும் என்றேன். அதோடு நின்றிருக்கலாம். அடுத்த நாள் கடையில் ஒரு நிலைக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அதன் முன்னால் ஒரு பெண் வந்து நின்றார். எனக்கு அவர் முதுகு தெரிந்தது, கண்ணாடிக்குள்ளே முகம் தெரிந்தது. எனக்குப் பெரிய கண்டுபிடிப்பாகப் பட்டது. கண்ணாடியில் எப்படியோ மணலிலும் அப்படி. ஆள் திரும்பி நின்றாலும் சாயலில் முகம் இருக்கும்.

மாலையில் பளீல் நானாவிடம் சொன்னபோது அவர் முகம் மலர்ந்தது. "அப்ப ஆளுக்கு மொகம் இல்ல. மொகம் மணல்லதான் ஈக்கி. அது உருவம் இல்லியே, ஒளி தானே?"

"ஆமாங்க நானா. வெறும் ஒளி."

கைரியா உள்வாசல் படுதாவுக்குப் பின்னாலிருந்து, "உங்க ரெண்டு பேருக்கும் வக்கீலுக்குப் படிக்க ஈந்திச்சி" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். தடுக்கவில்லை.

பளீல் நானா வெள்ளி விடியும்வரை விளக்கோடு இருந்தார். காலையில் பார்த்தேன். ஐந்து பேருடைய காலடியிலிருந்தும் ஐந்து பேர் தலைகீழாக இறங்கியிருந்தார்கள். ஐந்து பேரும் நம்மைப் பார்த்தார்கள். கண், மூக்கு, மீன்காரனுக்கு மீசை. நன்றாகத்தான் இருந்தது. ஏதோ ஒன்று எனக்கு நெருடியது. என்னவென்று தெரியாததால் நானும் புகழ்ந்துவிட்டு வேலைக்குப் போனேன்.

கைரியாவின் தாயார் ஆஸியா உம்மா மகளைப் பார்க்க வெள்ளிக்கிழமை பகல் அக்குறணையிலிருந்து வந்தார். கையில் பலாக்கொட்டைக் கறிச் சட்டி, தலையில் முக்காடு, வாயில் வெற்றிலை. உள்ளே போவதற்காகத் திரையின் ஓரத்தைத் தூக்கிக் குனிந்தார். சாயல்களின் தலைகள் திரையின் அடியில் இருந்தன. குனிந்தவருடைய கண்ணுக்கு நேரே ஐந்து முகங்கள், தலைகீழாக.

நான் மாலை திரும்பும்போது கறிச் சட்டி மூடியபடி விறாந்தையில் இருந்தது. யாரும் அதைத் தொட்டிருக்கவில்லை.

"மருமவன்," என்று ஆஸியா உம்மா சொல்லிக்கொண்டிருந்தார். சத்தம் போடவில்லை. "ஆளுகள மத்தப் பக்கம் திருப்பி வெச்சீங்க. நல்லம். மறுகா அவங்கட மொகத்தக் கழத்தி மணலுக்குள்ள ஒளிச்சீக்கிறீங்க. நான் குனிய மாட்டேண்டு நெனச்சீங்களா?"

"ஒளிக்கல்ல மாமி. அது சாயல். ஈர மணல்ல அப்பிடித்தான் வுழும்."

"ஆர் சொன்ன?"

பளீல் நானா என்னைப் பார்க்கவில்லை. அதற்காக அவருக்கு நன்றியுள்ளவனாக இருக்கிறேன். ஆஸியா உம்மா என்னைப் பார்த்தார்.

"கண்ணாடிக் கடைத் தம்பியா?"

"ஆமாங்க," என்றேன்.

"நீங்க மணல் விக்கிறல்ல, கண்ணாடிதானே விக்கிற?"

அவர் முடிவு தெளிவாக இருந்தது. திரை வெளியே போக வேண்டும், அல்லது மகள் திங்கட்கிழமை காலை பஸ்ஸில் அக்குறணைக்கு வர வேண்டும். திரை வெளியே போனால் மழையில் கரைந்துவிடும். அது பசையில் கரைத்த வர்ணப்பொடி, எண்ணெய் வர்ணமல்ல. மகள் போனால் மறுபடி அதே பாதை, அதே பாலம், அதே ஐப்பசி மழை.

"போன முறை நடந்த உங்களுக்கு நெனவு இல்லியா, உம்மா?" என்று கைரியா உள்ளேயிருந்து கேட்டார்.

"நெனவு ஈக்கிறதாலதான் பயப்புடுற."

இரண்டு பக்கமும் ஒரே பயம்தான். மகள் பாதைக்குப் பயப்பட்டார், தாய் திரைக்குப் பயப்பட்டார். நான் என் அறைக்குப் போய்ப் பாண் ரொட்டியைக் கடித்து, பாதியை மூடி வைத்தேன்.

சனிக்கிழமை முழுவதும் மழை. கடையில் ஆள் வரவில்லை. எனக்கு வியாழக்கிழமைக் கண்டுபிடிப்பைத் திரும்பச் சோதிக்கத் தோன்றியது. முகப்பில் பெண் படம் போட்ட ஒரு தேயிலை டின் இருந்தது. படம் எனக்கு மறுபுறம் இருக்கும்படி அதை நிலைக்கண்ணாடிக்கு முன்னால் வைத்தேன். கண்ணாடிக்குள்ளே பெண் தெரிந்தாள். சரி. பிறகு ஒரு கண்ணாடித் துண்டை எடுத்துத் தரையில் போட்டு, டின்னை அதன்மேல் நிறுத்தினேன். மணல் தரையில் தானே இருக்கிறது, சுவரில் இல்லையே.

பெண் இல்லை. மேலே டின்னின் முதுகு, கீழேயும் டின்னின் முதுகு. நான் சுற்றிச் சுற்றி வந்தேன். எங்கே நின்று பார்த்தாலும் மேலே தெரிகிற பக்கமே கீழேயும் தெரிந்தது. கடை முதலாளி என்னடா தரையில் தேடுகிறாய் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். டின்னை எடுத்துத் தட்டில் வைத்தேன்.

மாலை போய்ப் பளீல் நானாவிடம் சொன்னேன். அவர் தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"முந்தநாள் தெரியும்ண்டீங்க. இண்டைக்குத் தெரியாதுண்டீங்க. நாளைக்கு என்னா சொல்லுவீங்க?"

"நாளைக்கு ஆத்துக்குப் போய்ப் பாத்துட்டுச் சொல்றேங்க. முன்னாடியே போயிருக்கணும்."

"அஞ்சு நிமிசம் எறங்கினா ஆறு. நாங்க ரெண்டு பேரும் வீட்டுக்குள்ள இருந்து மணல் வரைஞ்ச."

திரைக்குப் பின்னாலிருந்து ஆஸியா உம்மாவின் குரல் வந்தது. "நானும் வாரேன். இந்த முறை வேற ஆள் சொன்னத நம்ப ஏலா."

நேற்று இரவே விட்ட மழை இன்று காலையும் வரவில்லை. ஆறு வடிந்து, யானைகளைக் குளிப்பாட்டும் இடத்துக்குக் கீழே மணல் திட்டு வெளியே வந்திருந்தது. மணல் வண்டிக்காரர்கள் இன்னும் இறங்கவில்லை. தண்ணீர் அப்போதுதான் விலகிய மணல். வானம் அதில் வெள்ளையாகக் கிடந்தது. கைரியாவும் வந்தார். தாயின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினார். நான் மரியாதைக்குக் கொஞ்சம் விலகி, பின்னால் நின்றேன்.

முதலில் மிதிக்கவே எனக்கு மனம் வரவில்லை. மிதித்ததும் காலைச் சுற்றி மணல் வெளுத்துக் காய்ந்தது, எடுத்ததும் மறுபடி ஈரமானது. இதை எந்த வகுப்பிலும் சொல்லவில்லை.

பளீல் நானா எங்களுக்கு முதுகைக் காட்டி ஆற்றைப் பார்த்து நின்றார், திரையில் அவர் வரைந்த படகுக்காரனைப் போலவே. அவருடைய சாயல் காலடியிலிருந்து எங்களை நோக்கி நீண்டது. இடுப்புச் சாரத்தின் நீலம், சட்டையின் வெள்ளை, கடைசியில் தலைமயிரின் கறுப்பு. எல்லாம் முதுகுதான்.

ஆஸியா உம்மா இந்தப் பக்கம் வந்து பார்த்தார். அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார். அவர் எங்கே போனாலும் சாயல் அவரை நோக்கியே வந்தது.

"என்னா இது, என்னயத் தேடி வருதே. நிழல் எண்டா ஒரு பக்கம் கிடக்கும்."

"எனக்கு என்னப் பாத்து வருதுங்க," என்றேன்.

"எனக்கும் என்னயப் பாத்துத்தான், உம்மா," என்றார் கைரியா.

"அப்ப மூணு சாயலா ஈக்கி இவருக்கு?" என்றவர், பிறகு மருமகனிடம், "மொகம் இல்ல. நீங்க வரைஞ்சது பொய்" என்றார்.

"பொய்தான் மாமி," என்று பளீல் நானா ஆற்றைப் பார்த்தபடியே சொன்னார். "திரும்பட்டா?"

"நில்லுங்க."

அக்கரையில் ஒரு யானையை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அது ஈரத் திட்டில் வந்து நின்றதும் ஆஸியா உம்மா அதைச் சுட்டிக் காட்டினார். மேலே யானையின் விலாப்பக்கம் தெரிந்தது. சாயலில் அதோடு அடிவயிறும் தெரிந்தது. "கீழ இருந்து பாக்குற மாதிரி ஈக்கே" என்றார். நான் அதைக் கவனிக்கவில்லை. அவர் சொல்லித்தான் பார்த்தேன். மணல் கீழே இருந்து பார்த்தால் எது தெரியுமோ அதுவே சாயலில் விழுகிறது போலும். இதைச் சரியாக எழுதத் தெரியவில்லை. இன்னொரு நாள் டின்னை வைத்துப் பார்க்க வேண்டும்.

அப்போது கைரியாவின் செருப்பு மணலில் புதைந்து கழன்றது. அவர் குனியப் போனார். "நீ குனியாத" என்று ஆஸியா உம்மா முன்னால் போய், எங்களுக்கு முதுகு காட்டி, செருப்பை எடுக்க இடுப்பை வளைத்துக் குனிந்தார்.

"உம்மா, அப்பிடியே நில்லுங்க," என்றார் கைரியா.

"என்னா? பாம்பா?"

"பாம்பு இல்ல. உங்கட மொகம். மணல்ல ஈக்கி."

பளீல் நானா திரும்பினார். இன்னொரு முறை பிழை விட்டுவிட்டேனே என்றுதான் முதலில் நினைத்தேன். எங்களுக்கு அவர் முதுகுதான் தெரிந்தது. ஆனால் முகம் நிலத்தைப் பார்த்துக் கவிழ்ந்திருந்ததால், கீழிருந்து பார்க்கிற மணல் அதை எடுத்துக்கொண்டிருந்தது. முக்காட்டின் வெள்ளைக்கு நடுவே ஒரு மாநிறத் தீற்றல்.

ஆஸியா உம்மா குனிந்தபடியே இருந்தார். "கண் தெரியுதா?"

கைரியா இன்னும் கொஞ்சம் கிட்டப் போனார். "கண் இல்ல. மூக்கும் இல்ல."

"வேற என்னா ஈக்கி?"

"வெத்திலைச் செவப்பு ஈக்கி."

பளீல் நானாவும் வந்து பார்த்தார். "மெய்தான் மாமி. நெறம் மட்டும் ஈக்கி. எல்லாம் மேலயும் கீழயுமா இழுபட்டுக் கிடக்கு. கண்ணு வைக்க மணல்ல எடம் இல்ல."

ஆஸியா உம்மா மெதுவாக நிமிர்ந்தார். செருப்பை மகளின் காலில் மாட்டிவிட்டு, தான் நின்ற இடத்தைத் திரும்பிப் பார்த்தார். அங்கே இப்போது வானம் மட்டும் இருந்தது.

"ஆத்துக்கே தெரிஞ்சீக்கி கண் வைக்கப்படாதுண்டு," என்றார். "உங்களுக்குத்தான் தெரியல்ல."

வீட்டுக்கு வந்ததும் கைரியா எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றினார். எனக்கு அதோடு ஒரு கருப்பட்டித் துண்டும் உள்ளேயிருந்து வந்தது. பளீல் நானா திரையின் முன்னால் குந்தினார்.

"பிழை விளங்கிட்டு. ஆனா மேல வேற பூச்சுப் பூசினா இந்த ஈரத்துல காயாது. மறுகா இந்தக் கண் திரும்பக் கெளம்பி வரும். புதுசா வரைய நாள் இல்ல. நாளைக்கு அந்தி செல்லச்சாமி வார."

ஆஸியா உம்மாவின் துணி மூட்டை விறாந்தை மூலையில் கட்டியபடி இருந்தது. மகளுடைய உடுப்பும் அதற்குள்தான். அவர் அதைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு பழைய சீலைத்துண்டை நனைத்துப் பிழிந்துகொண்டு வந்தார்.

"மாமி, அது பசை வர்ணம். தண்ணி பட்டா கலங்கும்."

"கலங்கட்டும். மொகம் போகும் தானே?"

பளீல் நானா இரவு முழுவதும் விழித்துச் செய்த வேலை அது. தடுத்தால் தடுத்திருக்கலாம். அவர் நகர்ந்து இடம் விட்டார்.

ஆஸியா உம்மா குந்தி, மீன்காரனுடைய முகத்தில் துணியை வைத்து, விளக்குச் சிமினி துடைப்பதைப் போல மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுத்தார். கண் போனது. மீசை போனது. தலைமயிரின் கறுப்பும் சட்டையின் காவியும் மணல் நிறத்தோடு சேர்ந்து நீளமாக இறங்கின. இன்னொரு இழுப்பு. துணியைப் பிழிந்தார். தூரிகை கழுவும் வாளித் தண்ணீர் சேறானது.

நான் பின்னால் சென்று ஒழுங்கை வாசலில் நின்று பார்த்தேன். மற்ற நான்கு பேரும் இன்னமும் கண்ணைத் திறந்து தொங்கினார்கள். மீன்காரன் மட்டும் ஈர மணலில் நின்றான். அவன் காலடி மணல் உண்மையாகவே நனைந்திருந்தது.

"நானா, இங்க வாங்க," என்றேன். "இங்கேருந்து பாருங்க."

பளீல் நானா வந்து நின்று பார்த்தார். கடைசியில், "நான் ராவெல்லாம் இருந்து வரைஞ்சேன்" என்றார்.

"என்னா? கெட்டுப் போச்சா?" ஆஸியா உம்மா துணியோடு நிமிர்ந்தார்.

"கெடல்ல மாமி. நீங்களே வந்து பாருங்க."

அவர் வந்தார். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, காலையில் ஆற்றில் பார்த்ததைப் போலவே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்ப் பார்த்தார். "இது நடக்கிறல்லியே, நாம போற பக்கம்," என்றார்.

"அது மட்டும் என்னால ஏலா," என்றார் பளீல் நானா.

உள்வாசலில் கைரியாவின் குரல் கேட்டது. "உம்மா, நாளைக்குக் காலைல பஸ் எத்தின மணிக்கு?"

ஆஸியா உம்மா மூட்டையை எடுத்து விறாந்தைத் திண்டில் வைத்து முடிச்சை அவிழ்த்தார். மகளின் உடுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே நீட்டினார். அடியில் கிடந்த தன்னுடைய பழைய முக்காட்டுத் துணி ஒன்றை மட்டும் வெளியே வைத்துக்கொண்டார்.

"இது மெத்தெண்ட துணி. குடம் தூக்குற புள்ளகளுக்கு இதுதான் நல்லம்," என்றார். "இவன் காய்ஞ்சா எப்பிடி ஈக்கும்ண்டு முதல்ல பாக்கணும். மீதிய விடிஞ்சாத் துடைப்பம். கறிய திரும்பவும் சுட வையுங்க, எல்லாருக்கும் பசி."

நாளை, திங்கள்: விடிந்ததும் ஆற்றிலிருந்து இரண்டு வாளித் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். படகுக்காரனையும் பெண்களையும் துடைக்கும்போது துணியை மேலிருந்து கீழேதான் இழுக்க வேண்டும், குறுக்கே கூடாது. துடைத்து முடிந்ததும் ஒவ்வொருவர் காலைச் சுற்றியும் கொஞ்சம் வெளுப்பு வைக்கும்படி பளீல் நானாவுக்கு ஞாபகப்படுத்த வேண்டும். செல்லச்சாமி வந்தால் குடையை வாங்கி வைத்துக்கொண்டு, முதலில் அவரை ஒழுங்கை வாசலில் நிறுத்தி, அங்கிருந்து திரையைக் காட்ட வேண்டும்.